விடியும் முன்னே வீட்டை விட்டு இறங்கும் அப்பாமாருக்கு ஒரு சாப்பாட்டு வழி

நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஓட்டோ ஓட்டுகிறவன். காலை ஐந்தரைக்கு முதல் ஹயர். ஆறரையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு தரிப்பிடம், மத்தியானம் மறுபடியும் பள்ளிக்கூட வாசல், அந்திக்கு டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள். மனைவி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். வீட்டில் மூன்று பிள்ளைகளும் என் அம்மாவும். இப்படி ஒரு வீட்டில் அப்பா எப்போது, என்ன, எவ்வளவு சாப்பிடலாம் என்று நாங்கள் பழகி வைத்திருக்கும் முறையைத்தான் எழுதுகிறேன். பஸ் கொண்டக்டர், கடையில் நிற்கிறவர், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு முதல் பஸ் பிடிக்கும் ஆசிரியர், எல்லாருக்கும் இது பொருந்தும்.

பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் என்ன போனது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பாதி திரும்பி வந்தால் ஏன் என்று விசாரணையே நடக்கும். அப்பா பத்து மணிக்கு என்ன சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது, பொழுது சாயும்போது அவருக்கே ஞாபகம் இருக்காது. எங்கள் தரிப்பிடத்தில் நாற்பது வயது தாண்டாதவர்களே சட்டைப் பையில் மாத்திரை அட்டையோடு நிற்கிறார்கள். ஒருவருக்குச் சுகர், ஒருவருக்குப் பிரஷர், இன்னொருவருக்கு வயிற்றெரிச்சல். இவர்கள் யாரும் சாப்பாட்டைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளைக்குக் கீரை நல்லது என்று நமக்கே பாடம் எடுப்பார்கள். தங்களுக்கு என்று வரும்போதுதான் பசி வரும்வரை யோசிப்பதில்லை. பசி வந்த பிறகு யோசித்தால் எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸும் பணிஸும்தான் கையில் வரும். ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அப்பாவின் நாளைய சாப்பாட்டை இன்றைக்கு இரவே, பிள்ளைகளின் சாப்பாட்டோடு சேர்த்து முடிவு செய்துவிட வேண்டும்.

சாயத்தண்ணியும் சீனியும்

முதலில் இதிலிருந்து தொடங்குங்கள். காசு செலவில்லை, சமையல் வேலையும் அதிகமாகாது, பலன் சீக்கிரம் தெரியும்.

ஓட்டோ ஓட்டுகிறவர் ஒரு நாளில் குடிக்கும் தேத்தண்ணியை எண்ணிப் பாருங்கள். எழுந்ததும் ஒன்று, முதல் ஹயர் முடிந்து ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாப்பிட்ட கையோடு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, மழை விழுந்தால் கைச்சூட்டுக்காக இன்னொன்று. கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி என்றால் ஆறு கோப்பைக்குப் பதினெட்டு. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சீனி இருக்கும். அப்படியே கணக்குப் போட்டாலும் 72 கிராம். கடையில் யாரும் மட்டமாக அள்ளுவதில்லை, குவித்துத்தான் போடுவார்கள். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இப்படிச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் வந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சோறு, ரொட்டி எதையும் தொடுவதற்கு முன்பே, தேத்தண்ணியிலேயே அந்த அளவைத் தாண்டிவிடுகிறோம்.

குறைப்பதற்கு நம் தாத்தா பாட்டிமாரின் பழக்கமே போதும். சாயத்தண்ணியைச் சீனி போடாமல் ஊற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்துத் தொட்டுக்கொண்டு குடிப்பார்கள். ஒரு கரண்டி சீனியில் முழுக் கோப்பையும் இறங்கிவிடும், நாக்குக்கு இனிப்பும் கிடைக்கும். கடையில் "அண்ணே, சீனி வேற" என்று சொன்னால் தனியாகத் தருவார்கள். கையில் தொட்டுக் குடிக்க வசதியில்லாதவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு ஒத்துக்கொள்ளாது, மூன்றாம் நாளே பழைய அளவுக்குப் போய்விடுவீர்கள். இஞ்சியைத் தட்டிப் போட்டால் சீனி குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

டின்பால் ஊற்றிய தேத்தண்ணியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். டின்பாலில் பாதிக்குக் கிட்ட சீனிதான். அதற்கு மேல் கரண்டியில் சீனி போடத் தேவையே இல்லை. வெயில் நாளில் போத்தல் பானம் வாங்குகிறவர்கள் அதில் இருக்கும் நிற வட்டத்தைப் பாருங்கள். 2016இல் இருந்து நம் நாட்டில் சீனி அளவைக் காட்ட அந்த வட்டம் போடுகிறார்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம். பிள்ளைகளுக்கு இந்த நிறத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிறகு நம் கையில் சிவப்பு வட்டத்தைப் பார்த்து அவர்களே கேள்வி கேட்பார்கள். என் கடைசி மகள் அப்படித்தான் கேட்கிறாள்.

இன்னொன்று. சாப்பிட்டு முடித்த கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் நம் எல்லா வீட்டிலும் உண்டு. சாயத்தில் இருக்கும் துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஆண்களைவிட மனைவிக்கும் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கும் இது முக்கியம். அப்பா அந்த நேரத்தில் தேத்தண்ணி கேட்காவிட்டால் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ரொட்டி

ரொட்டியை விடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடிகாலைக் குளிரில் மலை ஏறுகிறவருக்கும் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கும் வயிற்றில் நிற்கக்கூடிய சாப்பாடு அது. கட்டிக்கொண்டு போகலாம், கையாலேயே சாப்பிடலாம், ஊற்றாது, சிந்தாது. ஆனால் வெறும் கோதுமை மா ரொட்டியும் கட்டைச்சம்பலும் மட்டும் என்றால் மாவும் உப்பும் உறைப்பும்தான் உள்ளே போகிறது. சரிசெய்ய வேண்டியது மாவையும் தொட்டுக்கொள்வதையும்.

எங்கள் வீட்டு அளவு இது. கோதுமை மா 300 கிராம், குரக்கன் மா 200 கிராம், அரை மூடி தேங்காய்ப்பூ, துருவிய கரட் ஒன்று, லீக்ஸின் பச்சை இலை பொடியாக அரிந்தது ஒரு கைப்பிடி, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. பத்து ரொட்டி வரும். கடைகளில் லீக்ஸின் வெள்ளைத் தண்டை விற்கவும் இலையை வெட்டி எறியவும் பழகிவிட்டார்கள். கேட்டால் சும்மாவே தருகிறவர்கள் இருக்கிறார்கள். இலை இடுக்கில் மண் நிற்கும், ஆகவே ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

இரவிலேயே இரண்டு மாவையும் அளந்து கலந்து மூடி வைத்துவிடலாம். கரட், லீக்ஸ், வெங்காயத்தை அரிந்து இன்னொரு பாத்திரத்தில் வைக்கலாம். இது என் வேலை. பிள்ளைகள் பாடம் எழுதும் மேசையின் ஓரத்திலேயே நின்று அரிவேன். தேங்காயை மட்டும் காலையில் துருவ வேண்டும்.

காலையில் முதலில் தேங்காய்ப்பூவை மாவில் போட்டு விரலால் நன்றாகப் பிசறுங்கள். பிறகு மரக்கறி, உப்பு. ஐந்து நிமிஷம் அப்படியே விட்டால் மரக்கறி தண்ணீர் விடும். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அதுவும் கை பொறுக்கும் சூட்டில், கொஞ்சம் கொஞ்சமாக. குரக்கன் மாவுக்கு கோதுமை மாவின் பசைத் தன்மை கிடையாது, நம் ஊர்க் குழாயில் வரும் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் தட்டும்போது ஓரமெல்லாம் வெடிக்கும். சுடுதண்ணீரில் குழைத்து, ஈரத் துணி போட்டுக் கால் மணி நேரம் மூடி வைத்தால் வெடிக்காது. வாழையிலையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் தட்டி, மிதமான சூட்டில் கல்லில் போடுங்கள். குரக்கன் ரொட்டி முதலிலேயே கறுப்பாக இருப்பதால் நிறத்தை வைத்து வெந்ததா என்று சொல்ல முடியாது. மேலே தெரியும் தேங்காய்த் துருவலைப் பாருங்கள். அது வெள்ளையிலிருந்து பொன்னிறமானால் அந்தப் பக்கம் சரி. எடுத்ததும் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சூட்டோடு பொலித்தீனில் போட்டால் வேர்த்துப்போய் பத்து மணிக்குள் சவசவ என்று ஆகிவிடும்.

தொட்டுக்கொள்ளப் பருப்பு, அவித்த முட்டை, நெத்தலி வதக்கல், டின்மீன், சோயாமீட் என்று ஏதாவது ஒன்று கட்டாயம். கட்டைச்சம்பல் பக்கத்தில் கொஞ்சம் இருக்கட்டும், அதுவே கறியாகிவிடக் கூடாது. வயிற்றெரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் சாயத்தண்ணி, பிறகு உறைப்புச் சம்பல் என்று தொடங்குவதைக் கட்டாயம் நிறுத்துங்கள்.

பத்து மணி

அப்பாவின் நாளில் சாப்பாடு கைமீறிப் போவது இந்த நேரத்தில்தான். காலைச் சாப்பாடு இறங்கியிருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு நாலு மணி நேரம் இருக்கும், கையில் காலை ஹயர் காசு இருக்கும், பேக்கரி வாசலில் சூடாகப் பெட்டிஸ் வந்திருக்கும்.

இதற்கு எங்கள் வீட்டில் அவித்த தானியம்தான். திங்கள் கடலை, செவ்வாய் பயறு, புதன் கௌபி என்று மாறி மாறி. ஒரே சட்டியில் அவித்து எனக்கும் பிள்ளைகளுக்கும் பெட்டி பெட்டியாகப் போகும். 250 கிராம் காய்ந்த கடலை ஊறி அவிந்தால் அரைக் கிலோவுக்கு மேல் வரும், மூன்று பிள்ளைகளுக்கும் எனக்கும் போதும். இரவு சாப்பிட்டதும் ஊறப்போட்டுவிட வேண்டும். பயறு ஊறாமலும் அவியும், கடலை அவியாது.

மலைநாட்டில் கடலை அவியாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1270 மீட்டர், இங்கே தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டக் கொதிக்கும். நுவரெலியா 1868 மீட்டர், அங்கே 94தான். கொதிப்பது கொதிக்கும், சூடுதான் போதாது. ஆகவே கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் நேரக் கணக்கு இங்கே சரிவராது. குக்கர் இருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் கூடுதலாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் மூடிபோட்டு அவியுங்கள். உப்பை அவிந்த பிறகு போடுவது என் அம்மாவின் வழக்கம். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்னச் சின்னத் தேங்காய்ச் சொட்டு போட்டுக் கிளறினால் ஆறிப்போனாலும் ருசி குறையாது.

பெட்டியைத் தரிப்பிடத்தில் திறப்பதற்கு முதலில் பலருக்கும் கூச்சம் வரும். எங்களில் மூத்தவர் ஒருவர் கேட்டார், "ஏன் தம்பி, கையில நாலு காசு பொழங்குற மனுசன் வீட்டுப் பெட்டியத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்தா பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?" நான் பெட்டியை அவர் பக்கம் நீட்டினேன். ஒரு கை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் கூடவே போடச் சொல்லு தங்கச்சிய" என்றார். இன்று அவர் வீட்டிலிருந்தும் பெட்டி வருகிறது. கடையில் வாங்கித் தின்றால்தான் மதிப்பு என்ற எண்ணம் எங்கள் தோட்டங்களில் ஆழமாகவே இருக்கிறது, அதை இப்படித்தான் ஒருவர் இருவராக மாற்ற வேண்டும்.

பழம் வேண்டுமென்றால் அப்பிளும் திராட்சையும்தான் என்று நினைக்க வேண்டாம். கொய்யா, வாழைப்பழம், கொடித்தோடை, மரத்தக்காளி எல்லாம் நம் வேலியோரத்தில் கிடைப்பவை. கடலையோடு கொய்யா சாப்பிட்டால் கடலையில் உள்ள இரும்புச் சத்து நன்றாகச் சேரும். பட்டர் புரூட் காலத்தில் அதில் சீனியும் டின்பாலும் பிசைந்து சாப்பிடுகிறார்கள். உப்பும் மிளகுத்தூளும் போட்டு ரொட்டியில் தடவிப் பாருங்கள், வெறும் ரொட்டியும் இறங்கும்.

மத்தியானப் பார்சல்

எனக்குப் பள்ளிக்கூட ஹயர் முடிந்து சாப்பிட இரண்டரை ஆகிவிடும். அவ்வளவு பசியோடு உட்கார்ந்தால் எவ்வளவு சோறு போகிறது என்றே தெரியாது. பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றப் போவதற்கு முன் பாதிப் பார்சலைச் சாப்பிட்டு, திரும்பி வந்து மீதியைச் சாப்பிடுவது எனக்குச் சரியாக வருகிறது. இதற்காகவே இரண்டு சிறிய பார்சலாகக் கட்டச் சொல்லுங்கள்.

சுகருக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் சில மாத்திரைகளுக்குச் சீனி மட்டம் விழுந்துவிடும். கை நடுக்கம், குளிரிலும் வேர்வை, கண் மங்கல், படபடப்பு வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் பார்த்து, பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பின்னால் ஆறு பிள்ளைகளோடு மயக்கம் வருவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு சிறு சரையில் சீனி எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

பார்சலின் அளவு: பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். பெரும்பாலான வீட்டுப் பார்சல் முக்கால் பங்கு சோறாகவே இருக்கும், ஏனென்றால் சோறு குறைந்தால் அன்பு குறைந்தது என்று அம்மாமார் நினைக்கிறார்கள். என் அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்லவே நாளாயிற்று. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் எனக்கு, மலை ஏறி இறங்கும் மனைவியைவிடக் குறைந்த சோறு போதும். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஆம்பளைப் பீங்கானில் மலைபோலச் சோறு, மீன் துண்டும் அங்கேதான். மலைக்குப் போகிறவருக்கு ரொட்டியும் சம்பலும். தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேர் இரத்தம் குறைந்து, தலை சுற்றி நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்கிறோம். அப்பாவின் சாப்பாட்டைச் சீர்செய்கிறோம் என்று முட்டையை அவர் பக்கம் மட்டும் தள்ளினால் இந்தக் கட்டுரையை எழுதாமலே இருந்திருக்கலாம். முட்டை வாங்கினால் தலைக்கு ஒன்று, இல்லாவிட்டால் பொரித்து எல்லாருக்கும் பங்கு.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். சோற்றின் ஆவி போன பிறகு கட்டுங்கள். பச்சைத் தேங்காய்ச் சம்பலும் பால் கறியும் சீக்கிரம் பழுதாகும், மத்தியானத்துக்குக் கோவா, லீக்ஸ், போஞ்சிச் சுண்டல், கெட்டிப் பருப்பு, நெத்தலி போன்றவை நல்லது. வல்லாரைச் சம்பல் போடுவதென்றால் வல்லாரையை மட்டும் பொடியாக அரிந்து ஒரு சிறு பெட்டியில் தனியாக வையுங்கள். வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளியைச் சாப்பிடும்போது சேருங்கள். முன்பே சேர்த்தால் கறுத்துத் தண்ணீர் விட்டுவிடும்.

வல்லாரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தேயிலை மலை ஓரத்திலும் கான் ஓரத்திலும் தானாக முளைத்து அழகாக நிற்கும். புல்லுக்கு மருந்தடித்த மலையா என்று தெரியாமல் பறிக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கை கழுவும் தண்ணீர் போகும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நாலு வேர் நட்டுவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை. முள்ளங்கி, நோகோல், பீட்ரூட் இலைகளும் கீரைதான். அவற்றை ஒடித்து எறிந்துவிட்டு வேறு கீரைக்குக் காசு கொடுக்கிறோம்.

கருவாடு நம் சோற்றின் உயிர் என்று தெரியும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். பெரிய கருவாட்டை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பு நன்றாக இறங்கும். அந்தக் கறிக்கு மேலும் உப்புப் போடாதீர்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்தலியில் கல்சியம் கிடைக்கும், அதையும் ஒருமுறை கழுவி எடுங்கள்.

கட்ட முடியாத நாளும் வரும். அன்று சாப்பாட்டுக்கடையில் "அரைச் சோறு, பருப்பும் மரக்கறியும் கூடப் போடுங்க, பொரியல் வேணாம், கறி மீன்" என்று கேளுங்கள். கேட்கிறவருக்கு அப்படித்தான் போடுவார்கள். கொத்தும் பராட்டாவும் என்றாவது ஒருநாள் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடும் சாப்பாடாக இருக்கட்டும்.

இரவு

என் பாட்டி 1973, 74 பஞ்சத்தைப் பார்த்தவர். அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் செத்த காலம். பீங்கானில் ஒரு பருக்கை மீந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அந்த வீட்டில் வளர்ந்ததால் நமக்கெல்லாம் பிள்ளைகள் மீதி வைத்ததை வழித்துச் சாப்பிடும் கை. அதில் தவறில்லை, ஆனால் அதைத் தன் சாப்பாட்டுக்கு மேல் சாப்பிடுகிறோம். பிள்ளைக்குக் குறைவாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுவதுதான் வழி. சோறு மீந்தால், பிரிஜ் இருந்தால் ஆறியதும் மூடி பிரிஜ்ஜில் வைத்து, காலையில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம்.

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். அந்திக் கடைசி ஹயர் போய்விடுமே என்று நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது. நான் செய்வது, ஏழரைக்கு வீட்டுக்கு வந்து எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, போன் வந்தால் மறுபடி போவது. ஒன்பதரைக்கு வந்து தனியாக ஒரு சட்டிச் சோறு சாப்பிட்டு அப்படியே படுப்பதைவிட இது எவ்வளவோ மேல், நெஞ்செரிச்சலும் குறையும். பிள்ளைகளும் அப்பா சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். கங்குன் சுண்டலைத் தொடாத என் நடு மகன், நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் கை வைத்தான். மனைவியும் அதே நேரத்தில் உட்கார வேண்டும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவது என்ற வழக்கத்தை நிறுத்த, அப்பா எழுந்து பரிமாறினால் போதும். சாப்பிட்டு முடிந்ததும் கடலையை ஊறப்போட்டு, மாவை அளந்து, நாளைய பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் அன்றைய வேலை தீர்ந்தது. மொத்தம் இருபது நிமிஷம்.

சம்பள நாள் குடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடிக்காமலிருப்பது நல்லது. அதோடு வாங்கும் பொரித்த, உப்பிட்ட பைட் பொட்டலங்களின் காசைக் கணக்குப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு வாரத்து முட்டை வந்துவிடும். வெற்றிலை போட்டுப் பசியை அடக்குகிறவர்களுக்கும் ஒன்று. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். பசிக்குத் தேவை சாப்பாடு. அதற்காகத்தான் பத்து மணிப் பெட்டி.

சுகர் பார்க்கப் போகும்போது

தையல்காரரின் அளவு நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீட்டரைத் தாண்டினால் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சுகர், பிரஷர், எடை எல்லாம் இலவசமாகப் பார்க்கும் கிளினிக் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உண்டு. எந்த நாள் நடக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, அந்தக் காலை ஹயரை நண்பரிடம் ஒப்படைத்துவிடுங்கள். தரிப்பிடத்தில் இருவர் மூவராகப் போவது எங்களுக்குச் சுலபமாக இருக்கிறது, ஒருவரின் பிள்ளைகளை மற்றவர் ஏற்றுவார்.

முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது, சாயத்தண்ணியும் கூடாது. வெறும் வயிற்றில் சுகர் 100க்குக் (mg/dL) கீழ் இருந்தால் நல்லது. 100இலிருந்து 125 என்றால் எச்சரிக்கை. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தால் இங்கிருந்து கீழே இறக்கலாம். 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி பார்த்து உறுதிசெய்வார்கள், டொக்டர் சொல்வதைக் கேளுங்கள். இரத்தம் கொடுத்ததும் சாப்பிட இரண்டு ரொட்டியும் ஒரு அவித்த முட்டையும் பையில் கொண்டுபோங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள், அவருக்கு இரத்தத்தின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தரும் ரிப்போட்டைப் பிள்ளைகளின் கிளினிக் கொப்பி இருக்கும் அதே உறையில் வையுங்கள், அடுத்த தடவை போகும்போது தேடாமல் கையில் எடுக்கலாம்.